கழித்தது போக

ஜக்கூரில் மணி ஆறாகப் போகிறது.
ஓடுபாதைக்கு அப்பால் மேம்பாலத்தில்
பால் வண்டிகள் விளக்கை அணைக்காமல் போகின்றன.
இறக்கைக்குக் கீழே ஒரு முழக் குழாய்,
அதன் மூக்கில் ஐந்து துளைகள்:
நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு.
இரவில் குளவி மண் வைத்துவிடக் கூடாதென்று
மாட்டியிருந்த சிவப்பு உறையை உருவி
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
ஊதிப் பார்க்கக் கூடாது. எச்சில் போகும்.

பெள்ளியப்பா டயரை உதைத்துப் பார்த்துவிட்டு
குடகு வாடை அடிக்கும் தமிழில்
"சாப்பிட்டாச்சா?" என்கிறார்.
இல்லை.
"நல்லது."

மேற்குக் காற்று நந்தி மலையில் ஏறி
மறுபக்கம் இறங்கத் தெரியாமல் விழுகிற இடத்தில்
ஒரு மேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கீழே தேநீர்க் கடையிலிருந்து பார்த்தால்
அசையாத மாதிரிதான் இருக்கும்.
அப்படி இருக்க அது படும் பாடு
நொடிக்கு ஐம்பது முறை
என் மடியிலிருக்கும் பெட்டியில் எண்ணாக இறங்குகிறது.

உள்ளே போனபின் அல்ல,
போவதற்குச் சற்று முன்னால்தான் அடி.
மேகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய தோல்.
அங்கே துளிகள் உலர்கின்றன, உலர்ந்ததால் குளிர்கிறது,
குளிர்ந்ததால் கனக்கிறது, கனத்ததால் சரிகிறது.
நூறு மீட்டர்கூட இல்லை.
வயிறு தொண்டைக்கு வருகிறது.
பென்சில் எழும்பிக் கூரையைத் தொட்டு
என் முழங்காலில் விழுகிறது.
பிறகு வெள்ளை.
பிறகு கக்கத்தில் கைகொடுத்து
யாரோ தூக்குவது போல ஏற்றம்.

ஒன்பது தடவை குறுக்கே வெட்டினோம்.
ஒன்பதும் அதே மேகம்தானா, சொல்ல முடியாது.
ஆறாவதில் வாந்தி எடுத்தேன்.
குறிப்பேட்டில் அதற்கும் நேரம் எழுதினேன்: 6.52.40.
ஏழாவதில், வெள்ளையை விட்டு வெளியே வந்ததும்,
விமானம் இடப்பக்கம் ஒரேயடியாய்ச் சாய்ந்தது.
"பருந்து," என்றார் பெள்ளியப்பா. அவ்வளவுதான்.
கண்ணாடி ஓரத்தில் ஒரு பழுப்பு,
சிறகு அடிக்காமல்,
நாங்கள் எதை அளக்க வந்தோமோ
அதன் மேல் சும்மா உட்கார்ந்துகொண்டு.

பத்து மணிக்கு எலஹங்கா அறையில்
மின்விசிறிக்குக் கீழே கழித்தல்.
குழாய் உணர்ந்ததெல்லாம் காற்றல்ல.
விமானம் ஏறியதைக் கழி. இறங்கியதைக் கழி.
மூக்கு நிமிர்ந்ததை, இறக்கை சரிந்ததை.
மீதி நிற்பதுதான் காற்று:
நொடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர்,
கடைக்குப் போய் வரும் ஆளின் நடை.
அதுவா எங்களை அந்தப் பாடு படுத்தியது!

ஏழாம் வெட்டின் மேல் அம்பை நிறுத்தி
"கழித்த பிறகும் இது நிற்கிறதே,
இவ்வளவு பெரிய சுழலா?" என்றாள் மிருணாளினி.
"பருந்து."
சிரித்துவிட்டு நான்கு நொடியை அழித்தாள்.
இருநூறு வரிகள்.
காரணம் என்ற கட்டத்தில்
'ஓட்டியவர் அசைவு' என்று போட்டாள்.
பருந்துக்குக் கட்டம் இல்லை.

மாலையில் ஹெப்பாள மேம்பாலத்தில் பஸ் நிற்கிறது.
கம்பியைப் பிடித்திருக்கிறேன்.
நிற்கிற பஸ்ஸில் எனக்கு மட்டும்
தரை ஏறி இறங்குகிறது.

நேற்று ராத்திரி நீ கதவைச் சாத்தினாய்.
அந்தச் சத்தத்தில்
ஜன்னல் வழி வந்த காற்று எவ்வளவு,
உன் கை எவ்வளவு,
ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருந்த என் காது எவ்வளவு?
நான் ஏறியதை, நான் இறங்கியதைக்
குறித்துவைத்த கருவி ஒன்றும் என்னிடம் இல்லை.

"எல்லிகெ?" என்கிறாள் நடத்துநர்.
சில்லறைக்குப் பைக்குள் கைவிட்டால்
துணி தட்டுப்படுகிறது.
சிவப்பு உறை.
திரும்ப மாட்டாமல் வந்திருக்கிறேன்.
இந்நேரம் ஜக்கூரில்
ஐந்து துளைகளும் திறந்து கிடக்கும்,
குளவி பறக்க இன்னும் அரை மணி வெளிச்சம் இருக்கிறது.

பாலம் இறங்கியதும்
எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும்.